மூக்கு மேஸ்திரியின் மூக்கு

இந்த உலகத்தில் உருப்படியான மூக்கு என்று இதுவரை நான்குதான் படைக்கப்பட்டிருக்கிறது. முதல் மூன்றையும் யானைகள் எடுத்துக்கொண்டன. நான்காவது மூக்கு மேஸ்திரிக்குக் கிடைத்தது. பண்ணை வாசலில் நின்று அவர் ஒரு மூச்சு இழுத்தால் போதும்; பின்கொட்டகையில் எந்தப் பசு எத்தனை மணிக்குச் சாணம் போட்டது, போடும்போது அதற்கு மனசு சரியாக இருந்ததா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். மேகத்துக்கே தெரியாத மழை அவருக்குத் தெரியும். ஒருதடவை அவர் போட்ட தும்மலில் ரயில் இரண்டு நிமிஷம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாக, பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவர் சத்தியம் செய்வார். டிராக்டர்காரர் சத்தியம் செய்கிற விஷயங்களில் பாதி பொய். மீதிப் பாதி இந்த மூக்கைப் பற்றியது.

அப்படிப்பட்ட மூக்கு கடைசி இரண்டு வருஷமாக முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. மல்லிகைக்கும் மாட்டு மூத்திரத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்த விஷயம் வெளியே தெரியாமல் எப்படிக் காப்பாற்றப்பட்டது, காப்பாற்றிய ஆள் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

மேஸ்திரியின் தொழில் வைக்கோலுக்கு யூரியா போடுவது. வயலுக்குப் போடுகிற அதே வெள்ளைக் குருணைதான். பண்ணையில் இருநூறு செம்மறி, முப்பது மாடு. வறண்ட மாதங்களில் அதுகளுக்குக் கிடைப்பது காய்ந்த வைக்கோல் மட்டும். பழைய செய்தித்தாளைத் தின்றாலும் அவ்வளவு சத்துதான் கிடைக்கும். யூரியாத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் அதே வைக்கோல் மெத்தென்று ஆகும், வயிற்றில் தங்கும், உடம்பில் ஒட்டும்.

"ஆட்டுக்கு உரம் போட்டா ஆடு முளைக்குமா மேஸ்திரி?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"ஆட்டுக்கு யார் போட்டா? அது வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக்கணக்குல இருக்கு. அதுங்களுக்குப் போடறோம். அதுங்க தின்னு கொழுக்கும், ஆடு அதுங்களைச் செரிச்சுக் கொழுக்கும். நீங்க ஆட்டைத் தின்னு கொழுக்கறீங்க" என்பார். கேட்டவர் அன்றைக்கு மதியம் கறியைத் தொட யோசிப்பார்.

நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, ஒரு டிரம் தண்ணீர். கட்டையால் கலக்குவார். கரைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க மாட்டார். டிரம்மின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைப்பார். யூரியா கரையும்போது தண்ணீர் சில்லிட்டுப் போகும். கொளுத்துகிற வெயிலிலும் தகரம் பனிக்கட்டி மாதிரி கையைக் கடிக்கும். கடித்தால் சரி. பிறகு பூவாளியால் ஒரு அடுக்கு வைக்கோலுக்குத் தெளிப்பது, ஏறி மிதிப்பது, அடுத்த அடுக்கு. சிமெண்டுக் குழி நிரம்பியதும் தார்ப்பாய் போட்டு, மேலே பழைய டயர்களை அடுக்கிக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார். இருபத்தோரு நாள். இரண்டு குழிகள் இருந்தன. ஒன்றைத் தின்று தீர்ப்பதற்குள் இன்னொன்று வெந்துவிடும். பண்ணையில் 'வெந்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள், அடுப்பே இல்லாவிட்டாலும்.

குழியைப் பிரிக்கிற நாளில்தான் மூக்குக்கு வேலை. நெடி மூளைக்கு ஏறினால் வைக்கோலைப் பரப்பி ஆறவிட வேண்டும். நெடியே இல்லையென்றால் அதைவிட மோசம். வேகவில்லை, யூரியா யூரியாவாகவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தின்ற ஆடு அரை மணியில் நடுங்கும், வயிறு உப்பும், நுரை தள்ளும், விழும். இரண்டுக்கும் நடுவில் சரியான நெடி என்று ஒன்று உண்டு. அது எப்படி இருக்கும் என்று கேட்டால், "கதவுக்கு அந்தப் பக்கம் நமக்குப் பிடிக்காத ஆள் ஒருத்தன் நிக்கற மாதிரி. உள்ள வரலை, ஆனா நிக்கறான்" என்பார். இருபது வருஷத்தில் ஒரு ஆடு சாகவில்லை. அதனால்தான் மூக்கு மேஸ்திரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். எழுந்த அன்று அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரமே கருகுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புகை கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்தார். பாத்திரத்தைத் தூக்கி மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஒன்றும் இல்லை. சோப்பை மோந்தார். மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்து மோந்தார். வெறும் காற்று போய்விட்டு வந்தது. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்க்கப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே தேய்ந்து போயிருந்தது. மூக்கில்லாத ஆளுக்குப் பண்ணையில் மிச்சமிருப்பது மூட்டை தூக்குகிற வேலை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூக்கை எடுத்துவிட்டால் அவரைக் கூப்பிடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் மனைவியும் ஒரே மகளும். பஸ் பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. பஸ் ஸ்டார்ட் ஆகும்போது ஜன்னல் கண்ணாடி பல் நடுங்குவது போல் ஆடும். மனைவி தையல்கடையில் பொத்தான் வைப்பவர், ஓரம் அடிப்பவர். மகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த புண்ணியவதி. பக்கத்து வீட்டுச் செருப்புகளை ஜோடி மாற்றி வைப்பது, பால்காரர் சைக்கிள் மணியைக் கழற்றித் தபால்காரர் சைக்கிளில் மாட்டுவது போன்ற பொதுச்சேவைகளில் இருந்தாள். அவளுடைய கோணல் கையெழுத்தும் இந்தக் கதையின் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் அது தற்செயல்.

அந்தக் காய்ச்சல் முடிந்த வாரத்தில் அவள் ஒரு செத்த எலியைக் கொண்டுவந்து அப்பா உட்காருகிற நாற்காலிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டாள். ஊர் மூக்கையெல்லாம் ஜெயித்த மூக்கு எத்தனை நொடியில் எழுந்து ஓடும் என்று டிராக்டர்காரர் மகளோடு பந்தயம். மேஸ்திரி வந்தார், உட்கார்ந்தார், சாப்பிட்டார், அங்கேயே கண்ணயர்ந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தையல்கடையிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நாற்காலியைக் கவிழ்த்தார், எலியைப் பார்த்தார், மகளின் காதைப் பிடித்தார். பிடித்த பிடி பாதியிலேயே தளர்ந்தது.

"அப்பா இதுலயா உக்காந்திருந்தார்?"

"ரெண்டு நாளா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஃபேன் போடச் சொன்னார்."

அம்மா எலியை அவிழ்த்துப் பழைய பேப்பரில் சுருட்டினார். "இதை யார்கிட்டயாவது சொன்ன, அடுத்து கட்டித் தொங்கறது நீதான்" என்றார்.

அதற்கடுத்த வாரம் குழி பிரிக்கிற நாள். மேஸ்திரி விடிவதற்கு முன்பே போய்க் குழியோரம் நின்றார். தார்ப்பாயை விலக்கினார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இருபது வருஷ நெடியில் அவர் கண்ணும் காய்ந்து போயிருந்தது. எரிச்சல்கூட லேசில் தெரியாது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம், ஒருநாளும் வராத மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார். வந்ததும் வராததுமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

மேஸ்திரிக்கு மூளையில் மின்சாரம் வந்தது.

"நெடி ஜாஸ்தி" என்றார் கம்பீரமாக. "பரப்புங்க. நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாளும் மனைவி வந்தார். இந்தத் தடவை கைக்குட்டை இல்லை, இரண்டு விரல் மட்டும். மாலையில் கொடுக்கலாம் என்றார் மேஸ்திரி. ஆடுகள் தின்றன, அசைபோட்டன, ஒன்றும் ஆகவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். கைக்குட்டை என்றால் ஒரு நாள் ஆறவேண்டும். இரண்டு விரல் என்றால் மாலையில். புருவம் மட்டும் சுருங்கினால் உடனே கொடுக்கலாம். முகம் சாதாரணமாக இருந்தால் வேகவில்லை, மூடு. மனைவிக்குத் தெரியாமலே அவர் முகத்தைப் படித்து வேலையை ஓட்டுகிறோம் என்று மேஸ்திரிக்கு உள்ளூர ஒரு பெருமை. வீட்டுக்கு வந்து, "உனக்கு எதுக்கு இந்த வெயில்ல அலைச்சல், நான் காலையிலேயே டப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவேனே" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லுவார். "ஆறிப்போனதைத் தின்னா உங்களுக்கு ஆகாது" என்பார் மனைவி. மகள் உத்தரத்தைப் பார்ப்பாள்.

போன வருஷக் கடைசியில் மனைவிக்குக் காலில் வீக்கம் வந்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. பொத்தான் ஊசியில் நூல் கோர்க்க நேரம் பிடித்தது. "வயசாகுதில்ல" என்றார். குழி பிரிக்கிற நாள்களில் மட்டும் எப்படியோ பண்ணை வேலிவரை நடந்து வந்துவிடுவார். வந்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் மேஸ்திரி குழி நிரப்பிக்கொண்டிருந்தார். பதினாலாவது டிரம். ஒரு கை டிரம் மேல் இருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, அம்மா கடையில விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நீங்க பதறாதீங்க, அம்மா பேசிட்டுத்தான் இருக்காங்க."

குரலில் கிண்டல் ஒரு துளி இல்லை. அதுதான் அவரைப் பதற வைத்தது. கையிலிருந்த டிரம்மை ஊற்றி முடித்தார், மிச்ச ஆறு டிரம்மை டிராக்டர்காரரிடம் ஒப்படைத்தார், போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரத்தத்துல யூரியா ரொம்ப ஏறிப்போச்சு."

மேஸ்திரிக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். "எந்த யூரியா?" என்றார்.

"யூரியாதான். கிட்னி வடிகட்டி வெளிய அனுப்பணும். ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"ரொம்ப நாளான்னா, ரெண்டு வருஷமா?"

"இருக்கலாம்" என்றார் டாக்டர், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபடி.

அவ்வளவுதான். மேஸ்திரி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கில் வெள்ளைத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. வராந்தாக் குழாயில் போய்க் கையைக் கழுவினார். தோல் சிவக்கும்வரை கழுவினார். பின்னால் ஆள் வரிசையில் நின்று, "அண்ணே, நாங்களும் குடிக்கணும்" என்ற பிறகுதான் நகர்ந்தார்.

மெஷினில் ரத்தத்தைக் கழுவினார்கள். கழுவிய மறுநாள் மனைவிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. பார்வையாளர் நேரம், நாலு மணி. மகள் கட்டில் காலடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த குழி எப்பப் பிரிக்கணும்?" என்று மனைவி கேட்டார்.

"அதுக்கு இருக்கு இன்னும் பதினாறு நாள். இப்ப எதுக்கு அது?"

"யாரு மூக்கைப் பொத்தறது?"

மேஸ்திரி போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். நான் வராட்டி யாரு முகத்தைப் பார்த்து, 'நெடி ஜாஸ்தி, பரப்புங்க'ன்னு மீசையை முறுக்குவீங்க?"

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"எலி செத்த அன்னைலருந்து."

"எந்த எலி?"

மனைவி மகளைப் பார்த்தார். மகள் ஆரஞ்சுத் தோலை உலகத்திலேயே முக்கியமான பொருள் போலப் பார்த்தாள். பிறகு எலிக்கதை முழுக்க வெளியே வந்தது. மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: இரண்டு வருஷம், மூன்று வாரத்துக்கு ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் இரண்டு நாள் வேலிப்பக்கம் நின்றிருக்கிறாள்.

"தெரிஞ்சே வந்து நின்னியா" என்றார். "அந்தக் காத்தை இழுத்து இழுத்துத்தான் உனக்கு ரத்தத்துல ஏறியிருக்கு. நான்தான் ஏத்தினேன்."

"பைத்தியமா உங்களுக்கு? டாக்டர் சொன்னதை ஒழுங்காக் கேட்டீங்களா?"

"அந்தப் பையனுக்கு யூரியாவைப் பத்தி என்ன தெரியும்?"

மனைவி சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "சரி, உங்க வழிக்கே வரேன். நான் மாடாப் பொறந்திருக்கணும். ஏறினதையெல்லாம் செரிச்சு, படி படியாப் பால் கறந்திருப்பேன். மனுஷியாப் பொறந்தது என் தப்பு, உங்க தப்பில்ல." பிறகு மகள் பக்கம் கையை நீட்டி, "கொட்டையை எடுத்துட்டுக் குடுடீ" என்றார்.

மூன்று தடவை ரத்தத்தைக் கழுவினார்கள். நான்காவது தடவைக்குக் கூட்டிப்போன காலையில் நெஞ்சு நின்றுவிட்டது. பதினோரு மணி இருக்கும். மேஸ்திரியை உள்ளே விடுவதற்குள் நேரமாகிவிட்டது. போய்க் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. யூரியா கரைந்த டிரம் மாதிரி இருக்கிறதே என்று மனசு நினைத்தது. நினைத்ததற்காகத் தன் மனசையே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தார்கள். மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. யூரியா மூட்டை அச்சடித்த பழைய சாக்கு ஒன்று வாசலில் மிதியடியாகக் கிடந்தது. அதைச் சுருட்டித் தெருக்கோடியில் போட்டுவிட்டு வந்தார். பஸ் கிளம்பினால் ஜன்னல் ஆடும், அவர் ஜன்னலைப் பார்ப்பார். மகள் பழைய வித்தைகளையெல்லாம் காட்டிப் பார்த்தாள். சட்டையை உள்வெளியாக மடித்து வைத்தாள். அவர் அப்படியே போட்டுக்கொண்டார். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவள் வித்தை காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். தினமும் அந்தச் சாப்பாட்டு டப்பாவை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை என்றாலும்.

இருபத்தோராம் நாள் காலையில் டிராக்டர்காரர் வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"அண்ணே, குழி வெந்திருக்கும். பழைய குழி முந்தா நாளே காலி. ஆடெல்லாம் வெறும் வைக்கோலைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்குது. முக்காவாசி சினை ஆடு வேற. மேனேஜர் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"நான் வரலை. நீங்களே பிரிச்சுக்குங்க."

"நாங்க பிரிச்சா யாருண்ணே மோந்து பார்க்கறது?"

"உனக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கு. ஜலதோஷம் பிடிக்கறதுக்குன்னு வெச்சிருக்கேன்."

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிராக்டர்காரர், "சரிண்ணே, நாங்க பார்த்துக்கறோம்" என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு மேஸ்திரி முகம் கழுவப் போனார். வாளித் தண்ணீரில் கையை விட்டார். அப்போதுதான், ஆஸ்பத்திரியில் மனைவியின் கையைப் பிடித்தபோது டிரம் மாதிரி என்று வந்து பாதியில் அறுந்த அந்த நினைப்பின் மறுபாதி வந்தது. பதினாலாவது டிரம். ஒரு கையில் போன், மறு கை டிரம் மேல். தகரம் சில்லிடவில்லை. வெயிலில் நின்ற சூட்டோடு இருந்தது. பூவாளி அடைத்துக்கொண்டது, தலையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே கவிழ்த்தது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கலக்கவே இல்லை. நாலு கிலோவும் அடியில் படிந்து, குருணை குருணையாக, குழியின் நடு அடுக்கில் ஒரே இடத்தில் கிடக்கிறது.

"சைக்கிளை எடு" என்றார் மகளிடம்.

"எங்கப்பா?"

"எடுடீ."

அவரால் மிதிக்க முடியாது, முதுகு. மகள் மிதித்தாள், அவர் பின்னால் உட்கார்ந்தார். பணிமனை தாண்டுவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாப்பா? நடு அடுக்கு சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மூக்கு விஷயத்தை எடுக்காதீங்க. நான் வேலிகிட்ட நிக்கறேன். அம்மா என்ன பண்ணாங்களோ அதையே பண்றேன். எனக்கு அம்மாவை விட நல்லா நடிக்க வரும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் மேஸ்திரி. ஒரு திருப்பம் கடந்தது. "உங்கம்மாவை நிக்க வெச்ச இடத்துல உன்னை நிக்க வைக்க மாட்டேன்."

"அம்மா அதனால ஒண்ணும்..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

பண்ணையில் தார்ப்பாயைச் சுருட்டியிருந்தார்கள். மேல் அடுக்கை அள்ளித் தரையில் பரப்பியாகிவிட்டது. வேலிக்குள் ஆடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. டிராக்டர்காரரும் இன்னொருவரும் நடு அடுக்கில் வைக்கோல் அள்ளும் கவைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கிற ஒல்லி மனிதர், குழி ஓரத்தில் நின்றார்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி. நல்லதாப் போச்சு. கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்க."

"யாரும் ஒரு கொத்துகூட ஆட்டுக்குப் போடாதீங்க" என்றார் மேஸ்திரி. ஓடிவந்தது சைக்கிள்தான் என்றாலும் அவருக்கு மூச்சு வாங்கியது. "நடுவுல ஒரு டிரம் கரையாம ஊத்தியிருக்கேன்."

"அதைத்தான் மோந்து பாருங்கன்னு சொல்றேன்."

"எனக்கு வாசனை தெரியாது."

"ஜலதோஷமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியாது. எதுவுமே தெரியாது."

மேனேஜர் ஒரு பேனாவை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா யாரு பார்த்தது?"

"என் வீட்டுக்காரி. வேலிகிட்ட நின்னு மூக்கைப் பொத்துவா. அதைப் பார்த்து நான் சொல்லுவேன்."

"அண்ணியா?" என்றார் டிராக்டர்காரர். "அவங்க உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்தாங்கன்னுல்ல நெனச்சோம்."

"சாப்பாடும் கொண்டாந்தா."

மேஸ்திரியே குழிக்குள் இறங்கினார். முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பாதி ஆழத்தில் கையால் வைக்கோலை விலக்கினார். ஒரு சாண் தள்ளி, அரிசி கொட்டிக் கிடப்பது போல் வெள்ளையாக, உருகிக் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. ஒரு கட்டியை எடுத்து மேனேஜரின் கையில் வைத்தார். அந்தக் குழி முழுக்க எருக்குப்பைக்குப் போனது. ஆடுகளுக்கு வெறும் வைக்கோலும், எங்கிருந்தோ வரவழைத்த புண்ணாக்கும் கொஞ்சம் கிடைத்தது. மேனேஜர் திட்டவில்லை. "இருநூறு உயிரு மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஆடுகளைப் பார்க்க மாட்டு டாக்டர் வந்தார். நரைத்த பெண்மணி, முழங்கைவரை கையுறை. அவர் கை கழுவுகிற இடத்துக்கு மேஸ்திரி போய் நின்றார்.

"டாக்டரம்மா, குழிக் காத்தை இழுத்தா மனுஷ ரத்தத்துல யூரியா ஏறுமா?"

அவர் யாருக்காகக் கேட்கிறார் என்று பண்ணைக்கே தெரியும், டாக்டருக்கும் தெரிந்திருந்தது. "ஏறாது" என்றார். "எல்லா உடம்பும் தானே யூரியா செய்யும். மாடு அதை எச்சில் வழியாத் திரும்ப வயித்துக்கு அனுப்பி உபயோகப்படுத்திக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வெளிய தள்ளணும். உங்க மனைவிக்குத் தள்ளற உறுப்பு கெட்டுப்போச்சு. உங்க மூட்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"காத்துல ஏறும்னா முதல்ல உங்களுக்குத்தானே ஏறியிருக்கணும்? நீங்க இருபது வருஷமாக் குழிக்குள்ளயே நிக்கறீங்க."

மேஸ்திரி அதை யோசித்தார். "அதுதான் நியாயமா இருந்திருக்கும்" என்றார். டாக்டர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை போகவில்லை. கரைப்பதும் தெளிப்பதும் அவரிடமே இருக்கட்டும், மோந்து பார்க்க இரண்டு பேர் சேர்ந்து நிற்க வேண்டும் என்று மேனேஜர் தாளில் எழுதிக் கொட்டகையில் ஒட்டினார். அதற்குப் பிறகு பண்ணையில் யாரும் மூக்கு மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. கேலிக்காகக்கூடக் கூப்பிடவில்லை. வெறும் மேஸ்திரி. முன்பாதியை மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். அது அவர் காதில் ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

புதிதாக ஒரு குழி நிரப்பினார். ஒவ்வொரு டிரம்மிலும் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, விரல் மரத்துப்போகும்வரை எடுக்காமல் நின்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

இருபத்தோரு நாள் கழித்து, பிரிக்கிற நாள். மதியம். மகள் யாரும் சொல்லாமலே சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியோரம், அம்மா பிடித்துக்கொள்கிற கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரி குழிப்பக்கமிருந்து அவளைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையை எடுத்தாள். முதலில் மூக்கைப் பொத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

மேஸ்திரி வேலிவரை நடந்து வந்தார்.

"என்னாச்சு?"

"நெடிப்பா" என்றாள் குனிந்தபடியே. "பயங்கரக் காட்டமா இருக்கு. கண்ணைத் திறக்க முடியலை. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் ஆறவிடச் சொல்லுங்க."

மேஸ்திரி திரும்பிக் குழியைப் பார்த்தார். மேலே டயர்கள் வரிசையாக அப்படியே இருந்தன. டிராக்டர்காரர் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தார்ப்பாயை இன்னும் பிரிக்கவே இல்லையேம்மா" என்றார்.